ரைன் பள்ளத்தாக்கு: நீரோட்டத்தோடு கப்பல், திரும்பி வர ரயில்

ஜெர்மனியில் பிங்கனுக்கும் கோப்ளென்ஸுக்கும் நடுவே ரைன் ஆறு மலையை அறுத்துக்கொண்டு போகிற பகுதி ஏறத்தாழ 65 கிலோமீட்டர். 2002-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். குடும்பத்தோடு போகிறவர்களில் பலர் ஒரே நாளில் முழுவதையும் கப்பலிலேயே பார்த்துவிட நினைத்து, கோப்ளென்ஸில் ஏறி, பிங்கனுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ரூடஸ்ஹைமுக்கு டிக்கெட் வாங்கிவிடுகிறார்கள். அது நீரோட்டத்துக்கு எதிரான பயணம், ஆறு மணி நேரம் ஆகும். கரையோரக் கோட்டைகளில் எட்டாவதற்கு மேல் குழந்தைகள் தலை தூக்கிப் பார்ப்பதில்லை, பெரியவர்களும்தான்.

அதே ஆற்றில், அதே கப்பல் கீழ்நோக்கி வர நாலு மணி நேரம் போதும். ஆகவே முதல் விதி: கப்பலில் நீரோட்டத்தோடு போங்கள், எதிர்த் திசைக்கு ரயில். ஜெர்மன்காரர்கள் ஆற்றில் கீழே போவதைத் 'தால்ஃபார்ட்' (பள்ளத்தாக்குப் பயணம்) என்றும், மேலே போவதைப் 'பெர்க்ஃபார்ட்' (மலைப் பயணம்) என்றும் சொல்வார்கள். கால அட்டவணையில் இந்த இரண்டு சொற்களைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

இரண்டாவது விதி: முழு நீளமும் வேண்டாம். பாஹராஹிலிருந்து சாங்க்ட் கோவார் வரை 13 கிலோமீட்டர்தான், முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. பள்ளத்தாக்கின் சாரமெல்லாம் அதற்குள் வந்துவிடும். இன்னும் கொஞ்சம் ஆசை இருந்தால் பிங்கனில் ஏறலாம். ஒன்றரை மணி நேரம்.

மைன்ஸ் நகரிலிருந்து கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். ஆற்றின் இடது கரையில் ஓடும் ஆர்பி 26 என்ற ரயில் சின்ன ஊர்களில் எல்லாம் நிற்கும். பாஹராஹுக்கு நாற்பது நிமிடம் அளவில் ஆகும். போகும்போது வலப்பக்க ஜன்னல், திரும்பும்போது இடப்பக்கம். மாறி உட்கார்ந்தால் திராட்சைத் தோட்டத்துச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டு வரவேண்டும். ஐந்து பேர் வரை செல்லும் ரைன்லாண்ட்-ஃபால்ஸ் மாநில நாள் டிக்கெட் குடும்பங்களுக்குத் தோது. ஆனால் வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும், பயணிகளின் பெயரை அதில் எழுதியிருக்க வேண்டும், ஃபிராங்ஃபர்ட் அதன் எல்லைக்குள் இல்லை. அங்கிருந்து வருகிறவர்கள் மைன்ஸ் வரை தனி டிக்கெட் எடுக்க வேண்டும். ரயில் டிக்கெட் எதுவானாலும் கப்பலுக்குச் செல்லாது, நாடு முழுக்கச் செல்லும் மாதாந்திர டாய்ச்லாண்ட் டிக்கெட்டும் அப்படித்தான்.

ஊர்ப் பெயர்களில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். பிங்கனில் இரண்டு ரயில் நிலையங்கள். பெயரில் பெரியது ஹவுப்ட்பான்ஹோஃப் (தலைமை நிலையம்). ஆனால் படகுத்துறைக்குப் பக்கம் 'பிங்கன் ஷ்டாட்'. தவறான நிலையத்தில் இறங்கினால் இரண்டு கிலோமீட்டர் நடை, அதற்குள் கப்பல் போய்விடும். கோப்ளென்ஸிலும் இதே கதை: படகுத்துறைக்கு 'ஷ்டாட்மிட்டே' நிலையம்தான் கிட்டே. சாங்க்ட் கோவாரும் சாங்க்ட் கோவார்ஸ்ஹவுசனும் எதிரெதிர்க் கரைகள். மைன்ஸுக்கும் கோப்ளென்ஸுக்கும் இடையில் ஆற்றின் மேல் ஒரு பாலம்கூடக் கிடையாது. கரை மாற வேண்டுமென்றால் கார்களையும் ஏற்றிக்கொள்ளும் ஃபெர்ரிதான் வழி, அதுவும் இரவு முழுக்க ஓடாது.

பாஹராஹில் ரயில் நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு ஐந்து நிமிட நடை. அதற்கு முன் ஊருக்குள் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கலாம். 1368-ஆம் ஆண்டு மரச்சட்ட வீடு, கூரையில்லாத கோதிக் தேவாலயம், மேலே திராட்சைச் சரிவில் ஏறிப் பார்க்க ஒரு காவல் கோபுரம். கப்பல் துறையில் ஓரிரு நிமிடம்தான் நிற்கும். பத்து நிமிடம் முன்பே போய்விடுங்கள். ஸ்ட்ரோலர் மடக்கக்கூடியதாக இருக்கட்டும். மேல்தளத்துக்குப் படி ஏற வேண்டும். ஜூலையிலும் அங்கே காற்று அடிக்கும், ஸ்வெட்டர் கையிலிருக்கட்டும்.

வலப்பக்கம் உட்காருங்கள். கரையில் வெள்ளைப் பலகைகளில் பெரிய எண்கள் தெரியும்: கான்ஸ்டன்ஸ் பாலத்தை சைபராக வைத்து எண்ணிய கிலோமீட்டர்கள். பாஹராஹ் 543. 546-ல் ஆற்றின் நடுவே தீவில் நிற்கும் வெள்ளைக் கோட்டை, கௌப் ஊருக்கு எதிரே 14-ஆம் நூற்றாண்டில் சுங்கம் வசூலிக்கக் கட்டியது. 550-ல் ஓபர்வேசல் ஊர், அதற்கு மட்டும் இடப்பக்கம் திரும்ப வேண்டும். 554-ல் லோரலை, தண்ணீரிலிருந்து 130 மீட்டர் அளவுக்கு நேராக எழும் கற்பலகைப் பாறை. எண்ணைக் குழந்தைகளிடம் சொல்லிவிட்டால் அடுத்த பலகையை அவர்களே தேடுவார்கள்.

ஆறு இங்கே குறுகி, ஆழமாகி, வளைகிறது. கீழ்நோக்கி வரும் சரக்குக் கப்பலால் சட்டென்று நிற்க முடியாது. அதனால் ஓபர்வேசலுக்கும் சாங்க்ட் கோவாருக்கும் இடையே கரையில் வெள்ளை விளக்குக் கோடுகள் எரியும். வளைவுக்கு அப்பால் என்ன கப்பல் இறங்கி வருகிறது என்று மேலேறும் கப்பலுக்குச் சொல்லும் சைகை அது. சில கப்பல்களின் பக்கத்தில் நீலப் பலகையும் நடுவில் மின்னும் வெள்ளை விளக்கும் தெரியும். வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கத்தோடு வலப்பக்கமாகக் கடந்து போவோம் என்று அதற்கு அர்த்தம். என்னைக் கேட்டால், பாறைமேல் அமர்ந்து பாடி மாலுமிகளை மயக்கிய பெண்ணைப் பற்றிய லோரலைக் கதையைவிட இதுதான் சுவாரசியம்.

லோரலைப் பாறையை இடது கரை ரயிலிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று கப்பலைத் தவிர்க்காதீர்கள். சாங்க்ட் கோவாருக்கும் ஓபர்வேசலுக்கும் நடுவே மூன்று சுரங்கங்கள். காட்சி உச்சத்துக்கு வருகிற இடத்தில் ஜன்னலில் உங்கள் முகம்தான் தெரியும்.

சாங்க்ட் கோவாரில் இறங்கினால் ரைன்ஃபெல்ஸ் கோட்டைக்கு இருபது நிமிட ஏற்றம். 1797-ல் பிரெஞ்சுப் படை வெடிவைத்துத் தகர்த்தது போக மிஞ்சியதே பெரிது. நிலவறைப் பாதைகளுக்கு டார்ச் தேவை, போன் வெளிச்சம் போதாது.

சைவர்களுக்கு ஒரு குறிப்பு: கப்பலிலும் ஊர்களிலும் 'ஃப்லாம்கூஹன்' என்ற மெல்லிய ரொட்டி கிடைக்கும், வழக்கமாக அதில் பன்றிக் கொழுப்பு இருக்கும். 'ஓனெ ஷ்பெக்' என்று கேளுங்கள். உருளைக்கிழங்கு சாலட்டிலும் அது ஒளிந்திருக்கும். தயிர்சாதம் கட்டிக்கொண்டு போவது இன்னும் நிம்மதி.

பயணக் கப்பல்கள் பெரும்பாலும் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான். கிளம்பும் முன் கௌப் நீர்மட்டத்தைப் பாருங்கள். அங்கே அளவுகோல் 6.40 மீட்டரைத் தாண்டினால் அந்தப் பகுதியில் கப்பல் போக்குவரத்தே நின்றுவிடும். மறுபக்கம், 2018 அக்டோபரில் 25 சென்டிமீட்டர் வரை இறங்கியது. அது அளவுகோலின் எண்தான், ஆற்றின் ஆழம் அல்ல; கப்பல் போகும் தடத்தில் அதைவிட ஒரு மீட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கும். ஆனாலும் வறட்சியில் சில துறைகளில் கப்பல் அணையாது.

இரவு தங்குவதாக இருந்தால், இரு கரைகளிலும் விடிய விடியச் சரக்கு ரயில்கள் ஓடுவதை மறக்காதீர்கள். ஆறு பார்த்த அறைக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். குழந்தை தூங்க வேண்டுமென்றால் பின்பக்கத்து அறையைக் கேளுங்கள்.