தாஹோ ஏரியில் படகை இறக்குவதற்கு முன்

கலிபோர்னியாவின் டெல்டா நீர்ப்பரப்பில் ஓட்டிவந்த மோட்டார் படகை, கலிபோர்னியா-நெவாடா எல்லையிலுள்ள தாஹோ ஏரிக்குக் கொண்டுபோக விரும்புபவர், நேராகச் சென்று தண்ணீரில் இறக்கிவிட முடியாது. அந்நிய உயிரினங்கள் ஏரிக்குள் புகுந்துவிடாதபடி, வெளியிலிருந்து வரும் மோட்டார் படகுகளுக்கு அங்கே 2008 முதலே பரிசோதனை கட்டாயம். 2024 அக்டோபரில் அதே டெல்டாவிலுள்ள ஸ்டாக்டன் துறைமுகத்தில், வட அமெரிக்காவிலேயே முதன்முறையாக, ‘கோல்டன் மஸல்’ என்னும் ஆசியச் சிப்பி கண்டறியப்பட்ட பிறகு கெடுபிடி கூடியது. அடுத்த கோடையில் வெந்நீர்க் கழுவலும் கட்டாயமாயிற்று. தாஹோ நீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு என்பதால் சிப்பிகள் எளிதில் வேரூன்றா என்று முன்பு ஓரளவு ஆறுதல் இருந்தது. கோல்டன் மஸலோ அதைவிடக் குறைந்த சத்திலும் பிழைத்துக்கொள்ளக்கூடியது.

வீட்டிலேயே படகின் முன்புறத்தை உயர்த்தி நிறுத்தி, அடியிலுள்ள வடிகால் அடைப்பைக் கழற்றி, எஞ்சிய ஈரத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன். நங்கூரக் கயிற்றையும் உயிர்காப்பு அங்கிகளையும் வெயிலில் உலர்த்தினேன். பிறகு இணையத்தில் நேரம் பதிவு செய்துகொண்டு, ஏரிக்குத் தெற்கே மேயர்ஸ் என்னும் ஊரில் உள்ள பரிசோதனை நிலையத்துக்குப் போனேன்.

கடைசியாக எந்த நீரில், எப்போது ஓட்டினீர்கள் என்பதுதான் அங்கே முதல் கேள்வி. அதன் பின் பரிசோதகர் கையுறையைக் கழற்றிவிட்டு, படகின் அடிப்பாகத்தை விரல் நுனியால் மெல்லத் தடவிக்கொண்டே போனார். கண்ணுக்கு எளிதில் புலப்படாத குஞ்சுச் சிப்பிகள் ஒட்டியிருந்தால் உப்புத்தாளைத் தொட்டதுபோலச் சொரசொரக்குமாம். ஆனால் அவர்கள் உண்மையில் தேடுவது சிப்பியைவிடத் தண்ணீரைத்தான்; ஏனெனில் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் லார்வாக்கள் தேங்கிய நீரில்தான் பயணம் செய்கின்றன. எவ்வளவு வடித்தாலும் எஞ்சினைக் குளிர்விக்கும் குழாய்களில் கொஞ்சம் நீர் தங்கிவிடும் என்பதால், உள்ளிழுக்கும் துளையில் குழாயைப் பொருத்தி வெந்நீரைச் செலுத்தி, வெளியேறும் நீரின் சூட்டை வெப்பமானியால் அளந்துகொண்டே இருந்தார்கள். வெளிப்புறத்துக்கு 60 டிகிரி செல்சியஸ். அலைச்சறுக்குப் படகுகளில் எடை கூட்ட நீர் நிரப்பும் தொட்டிகளுக்கு மட்டும், அங்குள்ள பம்புகள் கெட்டுவிடாமல் இருக்க, 49 டிகிரி என்று விளக்கினார்கள்.

கட்டணம் படகின் நீளத்தைப் பொறுத்தது. எனக்கு அது சற்று அதிகமாகவே தோன்றியது. ஆனாலும் இதேபோல் பரவும் இன்னொரு இனமான குவாகா சிப்பி ஒன்று ஆண்டுக்குப் பத்து லட்சம் முட்டைகள் வரை இடக்கூடியது என்பதையும், 2007இல் நெவாடா-அரிசோனா எல்லையிலுள்ள மீட் ஏரியில் தென்பட்ட அந்த இனத்தை அங்கிருந்து இன்றுவரை ஒழிக்க முடியவில்லை என்பதையும் எண்ணிப் பார்த்தால் முணுமுணுக்க மனம் வரவில்லை.

எல்லாம் முடிந்ததும் படகையும் டிரெய்லரையும் இணைத்து ஒரு கம்பி முத்திரை போட்டார்கள். படகை இறக்கும் துறையில் உள்ளவர்தான் அதை வெட்டவேண்டும். நாமே வெட்டினால் மீண்டும் பரிசோதனைக்குப் போகவேண்டியதுதான். ஏரியிலிருந்து படகை ஏற்றியதும் புது முத்திரையைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. வேறெந்த நீரிலும் இறக்காமல், அது அறுபடாமல் இருந்தால், அடுத்த முறை இந்தச் சோதனைகள் இன்றி நேரே துறைக்கே போகலாம்.