வாலில் ஒரு எஞ்சின்: செப்பலின் என்டி இறங்கும் விதம்

வான்கப்பலை மேலே ஏற்ற ஹீலியம் பெரும்பாலும் போதும். கீழே இறக்கி நிறுத்தத்தான் ஆள்படை வேண்டும். அமெரிக்க டயர் நிறுவனமான குட்இயர் பல்லாண்டு ஓட்டிய பழைய பிளிம்ப்களில் (உள்ளே சட்டகம் இல்லாத வான்கப்பல்கள்) எஞ்சின்கள் கேபினோடு ஒட்டியிருந்தன. வேகம் குறைந்ததும் வால் சுக்கான்கள் பிடிமானம் இழக்கும்; அப்புறம் ஒரு டஜனுக்கு மேற்பட்டவர்கள் கயிற்றைப் பிடித்து இழுத்தாக வேண்டும். ஜெர்மனியின் ஃப்ரீட்ரிஷ்ஸ்ஹாஃபனில் 1993-இல் தொடங்கிய செப்பலின் நிறுவனம் கைவைத்தது இந்த இடத்தில்தான். அதன் என்டி கப்பல் முதலில் பறந்தது 1997 செப்டம்பர் 18 அன்று.

75 மீட்டர் நீளக் கப்பலுக்குள்ளே கார்பன் இழையால் ஆன 12 முக்கோணச் சட்டங்கள். அவற்றை மூன்று நீள அலுமினியத் தண்டுகள் கோத்திருக்கின்றன. குறுக்கே அராமிட் என்ற வலுவான செயற்கை இழைக் கயிறுகள் முறுக்கிப் பிடிக்கின்றன. உறை விறைப்பாக நிற்பதற்கு இந்தக் கூடு காரணமில்லை. அதை உள்ளிருக்கும் வாயு அழுத்தம் பார்த்துக்கொள்கிறது, அதுவும் வெளிக்காற்றைவிடச் சில மில்லிபார்தான் கூடுதல். கூடு இருப்பது எஞ்சின்களை வேண்டிய இடத்தில் மாட்ட. என் கணிப்பில் முழு வடிவமைப்பின் சூட்சுமம் அதுதான்.

தலா 200 குதிரைத்திறன் லைகமிங் எஞ்சின்கள் மூன்று. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. அவற்றின் புரொப்பெல்லர்கள் மேல்நோக்கித் திரும்பும். மூன்றாவது வாலில். அது ஒரு புரொப்பெல்லரால் வாலைப் பக்கவாட்டில் தள்ளும். திரும்பக்கூடிய இன்னொன்றால் வாலை ஏற்றி இறக்கும். வேகம் சுழியமானாலும் மூக்கை வேண்டிய பக்கம் திருப்பலாம் என்பதால், கப்பலின் மூக்கைக் கட்டும் கம்பம் பொருத்திய லாரியும் மூன்று பேரும் இருந்தால் இறக்கிவிடலாம். குட்இயர் தன் பழைய பிளிம்ப்களுக்குப் பதிலாக இதே ரகத்தில் மூன்றை வாங்கி ஒஹையோவில் பொருத்தியது; முதலாவது 2014-இல் பறந்தது.

எடைக் கணக்கில் கோட்டைவிட்டால் எதுவும் உதவாது. கப்பல் மிதப்பைவிடச் சில நூறு கிலோ கனமாகவே புறப்படும். அந்த மிச்சத்தை எஞ்சின்கள் தூக்கும். எரிபொருள் தீரத் தீர எடை குறையும். மிதப்பு மிஞ்சிவிட்டால் இறங்க எஞ்சினால் கீழே அழுத்த வேண்டும். அதுவும் போதாவிட்டால் விலையுயர்ந்த ஹீலியத்தைத் திறந்துவிட வேண்டியதுதான். பயணிகளை மாற்றும்போது இரண்டு பேர் இறங்க, இரண்டு பேர் ஏறுவது இதனால்தான். பன்னிரண்டு பேரும் ஒருசேர இறங்கினால் ஏறக்குறைய 900 கிலோ போய்விடும்.

வெயிலும் கணக்கில் வரும். 8,225 கனமீட்டர் உறைக்குள் ஹீலியம் வெளிக்காற்றைவிட 1 டிகிரி சூடானால் மிதப்பு சுமார் 30 கிலோ கூடும். 10 டிகிரிக்கு 300 கிலோ. மேகம் மறைத்தால் அது சடாரென்று குறையும். உறை வழியே காற்று கசிந்து ஹீலியத்தின் தூய்மை 1 சதவீதம் இறங்கினால் 80 கிலோ நட்டம், அதாவது ஒரு பயணி.

1,000 மீட்டர் ஏறினால் ஹீலியம் ஏறத்தாழ 10 சதவீதம் விரியும். அதற்கு இடம்விடத்தான் உள்ளே பலோனெட் என்ற காற்றுப்பைகள்: ஏறும்போது காற்றை வெளியேற்றும், இறங்கும்போது விசிறி திரும்ப நிரப்பும். பை முழுதும் காலியான உயரத்துக்கு மேலே போனால் ஹீலியம் வால்வு திறந்துவிடும். அந்த உயரத்தைக் கிளம்புமுன்பே கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும்.

பறப்பதைவிடக் கம்பத்தில் கட்டிக் கிடக்கும்போதுதான் ஆபத்து அதிகம். கப்பல் காற்றுத் திசைக்கேற்பச் சுற்ற இடம் வேண்டும், அழுத்தத்தை இரவிலும் ஒருவர் கவனிக்க வேண்டும். பக்கக் காற்றைச் சமாளிக்கலாம். வாலைத் தூக்கும் சுழலை முடியாது. டி பியர்ஸ் என்ற வைர நிறுவனம் வைரத் தேடலுக்கு எடுத்த என்டி ஒன்று 2007-இல் போட்ஸ்வானாவில் கம்பத்தில் நின்றபோது சுழற்காற்றில் சிக்கி, சீராக்க முடியாதபடி சிதைந்தது.