மேலங்கியோடு எல்.ஆர்.டி.யில்: சூப்பர்ஹீரோயின் வரைந்து டிப்ளோமா தேறிய கதை

கோலாலம்பூரில் நான் படித்த ஓவிய டிப்ளோமாவின் கடைசிப் பருவத்தில், ஒரு தொடர் வரைந்து தேர்வாளர்கள் முன் வைத்துப் பேச வேண்டும். நான் எடுத்தது பெண் சூப்பர்ஹீரோக்கள். கறுப்பு மை பேனா மட்டும், நகைச்சுவையாக. இதே வழியில் போக நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

“சிரிப்பு யார் மேல்?” தேர்வாளர்கள் சுற்றிச் சுற்றி இங்கேதான் வருவார்கள். ரயில் கதவில் முதுகில் தொங்கும் மேலங்கி சிக்கி நம் சூப்பர்ஹீரோயின் அலறினால், சிரிப்பு அவள் மேல். அதே மேலங்கியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்து எல்.ஆர்.டி. ரயில் கூட்டத்தில் கம்பியைப் பிடித்தபடி அலுத்துப்போய் நின்றால், சிரிப்பு மேலங்கி மேல். இதை மாட்டிவிட்டது நானில்லை, வரைந்தவர் என்று அந்த முகம் சொல்ல வேண்டும்.

முன்னோடிகளைப் பற்றியும் கேட்பார்கள். வண்டர் வுமன் 1941-இல் வந்தவள் என்று ஒப்பித்தால் போதாது. ஷீ-ஹல்க்கைப் படியுங்கள். 1980-இல் அறிமுகமானவள்தான், ஆனால் 1989-இல் ஜான் பர்ன் எழுதி வரைந்த தொடரில், தான் ஒரு காமிக்ஸ் பாத்திரம் என்பது அவளுக்கே தெரியும். வாசகரிடம் பேசுவாள், வரைபவரிடமே சண்டைக்குப் போவாள். அப்புறம் 2012-இல் இணையத்தில் பரவிய ஒரு விளையாட்டு: கதாநாயகிகளுக்குக் கொடுக்கும் முதுகொடியும் போஸ்களில் ஹாக்ஐ என்ற ஆண் சூப்பர்ஹீரோவை வரைந்து காட்டினார்கள். ஆணுக்கு அபத்தமாகத் தெரிவது பெண்ணுக்கு மட்டும் எப்படி இயல்பாகிறது? வாயால் விளக்குவதைவிட, அப்படி ஒரு பக்கம் நீங்களே வரைந்து கொண்டுபோவது மேல்.

என் தொடரில் எனக்குப் பிடித்தது பத்துமலைப் படம். பறக்கத் தெரிந்தவள் 272 படிகளையும் வெறுங்காலில் ஏறுகிறாள். பின்னால் அம்மா: “பறந்து போனா நேர்த்திக்கடன் கழியாதுடி.” நம்மவர்கள் பார்த்தவுடன் சிரித்துவிடுவார்கள். தேர்வாளர்களில் எல்லோரும் நம்மவர்களாக இருக்க மாட்டார்களே! அதனால் வசனத்தை மறைத்து, சீன, மலாய் நண்பர்களிடம் முதலில் காட்டுங்கள். முகமூடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் குரங்கை அப்படித்தான் சேர்த்தேன். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

பேனா விஷயம். பிக்மா மைக்ரானில் 005 என்றால் 0.20 மி.மீ., 05 என்றால் 0.45 மி.மீ. உடலின் வெளிக்கோட்டுக்குத் தடித்தது, துணி மடிப்புக்கு மெல்லியது. முகத்தில் கோடுகளைக் குறையுங்கள். மேல் இமை கொஞ்சம் இறங்கினால் அலுப்பு, புருவம் சேர்ந்தால் கோபம். இரண்டையும் குழப்பினால் நகைச்சுவை போய்விடும். வேடிக்கைப் படம்தானே என்று உடற்கூறில் அசட்டையாக இருந்தால் யாரும் மன்னிக்க மாட்டார்கள், அது நியாயமும்கூட. நம் மலேசியக் கேலிச்சித்திரக்காரர் லாட் (Lat) வரைந்த கூட்டக் காட்சிகளைப் பாருங்கள்: எவ்வளவு சேட்டை, ஆனால் ஒவ்வொருவரும் நிற்கும் விதம் எவ்வளவு துல்லியம்! நம் ஊர்ப் புழுக்கத்தில் மை நன்றாகக் காயும்வரை ரப்பரைத் தொடாதீர்கள்.

கதாநாயகி வரைபவரின் கையைப் பிடித்து “செருப்பின் குதி உயரத்தைக் குறை” என்பது மாதிரியான படம் தொடரில் ஒன்று போதும். மூன்றாவது முறை வந்தால் சரக்கு தீர்ந்துவிட்டது என்று தெரிந்துவிடும்.

சரி, நேர்காணலுக்கு நகல் மட்டும் கொண்டுபோகாதீர்கள். மூலப் படமும் பென்சில் வரைவும் கூடவே இருக்கட்டும். வெள்ளை மை பூசித் திருத்திய இடத்தை எப்படியும் கண்டுபிடித்து, அங்கே என்ன இருந்தது என்று கேட்பார்கள்.