ஈற்றடியில் காலியாக இருக்கும் இடம்

நாம் கவிதை சொல்லிக்கொண்டிருக்கும்போது எதிரே இருப்பவர்கள் சொடக்குப் போட்டால் சுருக்கென்று தைக்கும். சொடக்குப் போட்டு ஆளைக் கூப்பிடுவதே மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் நாம். அமெரிக்கக் கவிதை மேடைகள் பலவற்றில் அதுதான் பாராட்டு. கைதட்டினால் அடுத்த வரி காதில் விழாது என்று விரலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் சிகாகோவின் க்ரீன் மில் மதுக்கூடத்தில், மார்க் ஸ்மித் என்ற கட்டடத் தொழிலாளி 1986இல் 'ஸ்லாம்' கவிதைப் போட்டியைக் கொண்டுவந்த இடத்திலேயே, சொடக்கு என்றால் அலுப்பு. அதற்கும் இறங்காவிட்டால் தரையை மிதிப்பார்கள், அப்புறம் முனகுவார்கள்.

விதிகள் கொஞ்சம்தான், பழகிவிடும். சொந்தக் கவிதையாக இருக்க வேண்டும், இசைக்கருவியும் வேஷமும் கூடாது, 3 நிமிடம். மேலே 10 விநாடி பொறுப்பார்கள். பிறகு ஒவ்வொரு 10 விநாடிக்கும் அரை மதிப்பெண் போகும். கூட்டத்திலிருந்தே பிடித்த 5 பேர் பத்துக்கு மதிப்பெண் போட்டு அட்டையைத் தூக்குவார்கள். அதில் கூடியதும் குறைந்ததும் கழியும்; மற்ற மூன்றின் கூட்டல்தான் கணக்கு. போட்டியில் சேராத ஒருவரை முதலில் வாசிக்கவிட்டு நடுவர்களின் கையைப் பழக்குவார்கள். அவருக்கு எங்கே சொடக்கு விழுகிறது என்று கவனித்தால் அந்த இடத்தின் வழக்கம் பிடிபடும்.

நம்மவர் இடறுவது நேரத்தில். வாயைத் திறந்ததுமே கடிகாரம் ஓடும். அவை வணக்கம், தலைமை வணக்கம் என்று தொடங்கினால் அரை நிமிடம் கரைந்தது. கவியரங்கப் பழக்கத்தில் வரிக்கு வரி இருமுறை சொன்னால் கவிதை பாதியில் நிற்கும். செல்போனில் நேரம் பார்த்துச் சொல்லிப்பார்த்து 2 நிமிடம் 40 விநாடிக்குள் வெட்டிக்கொள்ளுங்கள். மிச்சத்தைச் சிரிப்பும் கைதட்டலும் தின்றுவிடும். மைக்கை நாலு விரற்கடை தள்ளி, சற்றே பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் பகரம் வெடிக்கும். தாளுக்கு அடியில் ஓர் அட்டை இருக்கட்டும், கை நடுக்கம் மைக்கில் கேட்காது.

இவ்வளவும் கைவந்த பிறகும் ஒன்று மட்டும் ஆறவே ஆறாது. வெண்பாவில் மற்ற அடிகளுக்கு நான்கு சீர், ஈற்றடிக்கு மூன்றே சீர். ஊர்க் கவியரங்கில் அந்த நான்காவது சீரின் இடம் காலியாகக் கிடந்ததில்லை. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாகத்தான் வரும் என்பது காதுக்குப் பழக்கம். கவிஞர் திருப்பிச் சொல்லும்போது, எதுகையைப் பிடித்துக்கொண்டு பின்வரிசை அந்தச் சொல்லை அவருக்கு முன்பே சொல்லிவிடும். உடனே 'ஆஹா' எழும்.

இங்கே, அமெரிக்க மேடையில், வெண்பாவைச் சொல்லி ஆங்கிலத்தில் பொருளும் சொன்னால் அக்கறையாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் மூன்றாவது சீர் விழுந்ததும் பாட்டு முடிந்துவிட்டது அவர்களுக்குத் தெரியாது. ஒரு சீர் நேரம் கூடமே அமைதியாக இருக்கும். அந்த இடைவெளியில் நம் காதுக்கு மட்டும் ஊர்க் கவியரங்கின் மடக்கு நாற்காலிகளின் கிறீச்சும், பின்னாலிருந்து ஒரு பெரியவர் குரலும் வரும்: "இன்னொரு தடவை சொல்லுங்க ஐயா!"