இலையை ‘ஆ’வில் வைத்த பிள்ளை

பள்ளிப்பட்டுப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய தொடக்கப் பள்ளியில் எனக்கு வேலை. பள்ளி தமிழ்வழி, ஆனால் பாதிப் பிள்ளைகளுக்கு மேல் வீட்டில் தெலுங்குதான். பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தாங்களே படித்துப் போகும் செயல்வழிக் கற்றல் 2007-08-இல் மாநிலம் முழுக்க வந்தபோது அட்டைகள், அவற்றின் வரிசையைக் காட்டும் ஏணிப்படி, பிள்ளைகளுக்கு எட்டுகிற கரும்பலகை எல்லாம் எங்களுக்கும் வந்தன. பயிற்சியும் கொடுத்தார்கள். எந்த அட்டைக்குப் பிறகு எந்த அட்டை என்று எழுதிக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான்.

படத்தின் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அந்த எழுத்தில் படத்தை வைக்க வேண்டும். ஒருநாள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இலைப் படத்தை ‘ஆ’வில் வைத்தாள். எடுத்து ‘இ’யில் வைத்தேன். மறுபடி ‘ஆ’வில் வைத்தாள். மூன்றாவது தடவை நான் குரலை உயர்த்தியதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவள், அன்று முழுக்க ஓர் அட்டையையும் தொடவில்லை.

சில மாதம் கழித்து, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையத்தில் ஒரு கூட்டம். ஆசிரியர் பயிற்றுநர் எங்களைத் தரையில் உட்காரவைத்து, தெலுங்கு எழுத்துகளைப் பரப்பி, ஒவ்வொன்றையும் ஒருமுறை சொல்லிக் காட்டிவிட்டு, படங்களை அடுக்கச் சொன்னார். ஆட்டுப் படத்தை ‘ஆ’வில் வைத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் எடுத்து ‘மே’யில் வைத்தார். மேக. தெலுங்கில் ஆடு மேகதானே! முகம் சூடாகிவிட்டது, அடுத்த படத்தைத் தொடக் கை வரவில்லை. அப்போதுதான் அந்தப் பிள்ளை நினைவுக்கு வந்தாள். இலைக்குத் தெலுங்கில் ஆகு. அவள் காதுக்கு அவள் வைத்தது சரி.

இந்த முறைக்கே வேர் ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே ரிஷி வேலி பள்ளியில், தெலுங்குக் கிராமப் பிள்ளைகளுக்காகச் செய்த அட்டைகளில் இருக்கிறது. அங்கிருந்து கற்றுத்தான் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார்கள். அது தமிழாகி எங்கள் தெலுங்குப் பிள்ளைகளிடம் வந்தபோது, அவர்கள் வீட்டில் பேசும் சொல்லை நாங்கள் யாருமே கேட்கவில்லை.

அப்புறம் நான் எலியில் தொடங்கினேன், அவர்களுக்கும் அது எலுக. ஈ என்றால் ஈக, பால் என்றால் பாலு. இலையும் ஆடும் பிறகு வரட்டும் என்று தள்ளிவைத்தேன். அந்தப் பிள்ளை ஈ அட்டையைத் தானே எடுத்து வந்து காட்டினாள்.

காலையிலிருந்து மாலை வரை திரையில் ஓடுவதை வாசித்துக்காட்டும் பயிற்சிகள் பலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன், ஒன்றும் நிற்கவில்லை. அந்த ஆட்டுப் படம் நிற்கிறது. இப்போது கூட்டத்துக்குப் போகும்போது ஒரு பிள்ளையின் நோட்டைக் கையோடு கொண்டுபோகிறேன், தப்பென்று நான் அடித்த பக்கத்தை மற்ற ஆசிரியர்களிடம் கொடுத்து, இவன் என்ன நினைத்து இப்படி எழுதியிருப்பான் என்று கேட்கிறேன்.