கம்பெனி மூடினதுக்கு அப்புறமும் பேரல் கிடைக்குற ரைபிள்

சிங்கிள் ஷாட் ரைபிள்ல ஒரு தோட்டாதான், சுட்டு முடிச்சா கையால திறந்து அடுத்தத போடணும், மேகசின் எதுவும் கிடையாது. அமெரிக்காவுல மான் வேட்டைக்குப் போறவங்கள்ல ஒரு கூட்டம் இன்னிக்கும் இதத்தான் வச்சிருக்கு. நான் வேட்டைக்குப் போற ஆள் இல்ல, எனக்கு இதுல இழுப்பு அந்த மெக்கானிசம் மேலயும், அதுக்கு தனியா பார்ட்ஸ் செஞ்சு குடுக்குற சின்னச் சின்ன பட்டறைங்க மேலயும்தான்.

1967ல தாம்சன்/சென்டர் கம்பெனி கன்டெண்டர்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, நியூ ஹாம்ப்ஷயர்ல ராச்செஸ்டர்ங்கிற ஊர்ல. டிசைன் பண்ணவர் வாரன் சென்டர். முதல்ல கைத்துப்பாக்கியாத்தான் வந்துச்சு, அப்புறம் நீள பேரல் (தோட்டா வெளிய போற குழல்), தோள்ல வைக்கிற ஸ்டாக் எல்லாம் சேர்ந்து ரைபிளும் ஆச்சு. பேரலுக்கு அடியில இருக்குற முன்கட்டைய கழட்டி, கீல்ல இருக்குற பின் ஒண்ண வெளிய தள்ளிட்டா பேரல் கையோட வந்துடும், வேற பேரல் மாட்டிக்கலாம். ஃப்ரேமுக்குள்ள, அதாவது ட்ரிகர் இருக்குற உடம்புக்குள்ள, தோட்டாவ குத்தி வெடிக்க வைக்குற ஃபயரிங் பின் ரெண்டு இருக்கு, அத அடிக்குற ஹாமர்ல இருக்குற செலக்டர திருப்பினா போதும், 22 ரிம்ஃபயர்ங்கிற சின்ன தோட்டால இருந்து 45-70ங்கிற பெரிய தோட்டா வரைக்கும் அதே ஃப்ரேம்ல ஓடும். இதுல அந்த மனுஷனோட மூளை எங்க இருக்குன்னா, பூட்டுற போல்ட்ட ஃப்ரேம்ல வைக்காம பேரலுக்கு அடியில துருத்திக்கிட்டு இருக்குற லக்குங்கிற இரும்புத் துண்டுல வச்சிட்டாரு, அதனால ஒவ்வொரு பேரலும் தன்னோட பூட்டையும் கூடவே கொண்டு வருது, ஃப்ரேம கம்பெனிக்கு அனுப்பி அரம் போட்டு பொருத்துற வேலையே இல்ல.

இந்த ஒரு முடிவாலதான் வெளிப் பட்டறைங்க பொழைச்சாங்க. ஒஹையோவுல ஜே.டி. ஜோன்ஸோட எஸ்எஸ்கேங்கிற பட்டறை, கம்பெனி விக்காத அளவுலயெல்லாம் கன்டெண்டருக்கு பேரல் போட்டுக் குடுத்தாங்க, தோட்டாவையே புதுசா உண்டாக்கினாங்க, 375 ஜேடிஜே அப்படி வந்ததுதான், 444 மார்லின்ங்கிற தோட்டாவோட பித்தளைக் கூட்ட மாத்தி செஞ்சது.

இதுக்கு நேர் எதிர் ஹாரிங்டன் ரிச்சர்ட்சனோட ஹாண்டி ரைபிள். விலை கம்மி, உடம்பு கெட்டி, கிராமத்துல முதல் துப்பாக்கின்னா நிறைய பேருக்கு இதுதான். ஆனா பேரல் லக்குல லாட்ச் (பேரல பூட்டுற கொக்கி) பிடிக்கிற அந்த சின்ன மேடை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் கொஞ்சம் மாறும், அதனால இன்னொரு பேரல் வேணும்னா ஃப்ரேம ஃபேக்டரிக்கு அனுப்பணும், அவங்க பொருத்தி திருப்பி அனுப்புவாங்க. நல்ல ஏற்பாடுதான், ஃபேக்டரி இருக்குற வரைக்கும். 2000ல மார்லின் வாங்கினாங்க, அடுத்து மார்லினையே ரெமிங்டன் வாங்கினாங்க, 2015ல தயாரிப்பே நின்னுபோச்சு. பொருத்திக் குடுக்க ஆள் இல்ல. பழைய பேரல் வாங்கி அதே மாதிரி மாட்டிடலாம்னு நெனைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், அந்த மேடை சரியா உக்காரலன்னா பேரலுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல இடைவெளி விழும், சுடும்போது தோட்டாவோட பித்தளைக் கூடு பின்னாடி நகர்ந்து நீண்டு கிழியலாம், சூடான வாயுவும் புகையும் முகத்துக்கே வரும். ஹெட்ஸ்பேஸ் கேஜ், அதாவது தோட்டா உக்கார்ற இடைவெளிய அளக்குற கருவி, வச்சிருக்குற கன்ஸ்மித்கிட்ட (துப்பாக்கி பழுது பாக்குறவர்) காட்டாம இதுல ஒரு தோட்டா கூட போடக்கூடாது.

சட்டமும் இந்த வியாபாரத்த தாங்குது. அமெரிக்க ஃபெடரல் சட்டத்துல சீரியல் நம்பர் இருக்குற ஃப்ரேம் மட்டும்தான் துப்பாக்கி, பேரல், ஸ்டாக், ஸ்பிரிங் எல்லாம் பார்ட்ஸ், தபால்லயே வரும். ஆனா எந்தப் பார்ட்ட எதோட சேக்குறோம்ங்கிறதுல சிக்கல் இருக்கு. தாம்சன்/சென்டர் பிஸ்டலோட 21 இன்ச் பேரலும் ஸ்டாக்கும் ஒரே கிட்டா வித்தாங்க, அரசாங்கம் என்ன சொல்லுச்சுன்னா, 10 இன்ச் பேரலோட ஸ்டாக்க மாட்டினா 16 இன்ச்சுக்கு குறைஞ்ச ரைபிள் ஆயிடும், அந்த மாதிரி ரைபிளுக்கு தனி வரி உண்டு, அதனால கிட்டுக்கே வரி கட்டுன்னு. கம்பெனி 200 டாலர் கட்டிட்டு அத திருப்பிக் கேட்டு கேஸ் போட்டாங்க, 1992ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் ஜெயிச்சாங்க. நம்ம ஊர்ல 1959 ஆயுதச் சட்டம் பார்ட்ஸையே ஆயுதம்னுதான் சொல்லுது, அதனால இத படிச்சிட்டு யாரும் ஆன்லைன்ல தேடிப் பாத்து ஆர்டர் போட்டுறாதீங்க.

ரூகர் கம்பெனியோட நம்பர் ஒன்னுங்கிற சிங்கிள் ஷாட்டும் இதே 1967 காலத்து ரைபிள்தான், அழகுல இதுக்கு மேல எனக்கு வேற எதுவும் பிடிக்காது. அதுல முன்கட்டைய தாங்குற இரும்பு நாக்கு ஒண்ணு ரிசீவர்ல (ரைபிளோட உடம்பு) இருந்து நீட்டிக்கிட்டு இருக்கும், கட்டை ஈரத்துல உப்பினா பேரல அழுத்தும், குறி நகரும். அதுக்குன்னே அழுத்தத்த கூட்டிக் குறைக்க ஸ்க்ரூ வச்ச பார்ட்ஸ் வித்தாங்க. ஹாண்டிக்காரங்க முன்கட்டைக்கு நடுவுல ஒரு ரப்பர் ஓ-ரிங் வச்சே அதே வேலைய முடிச்சிடுறாங்க, காசு கம்மி, பலன் நல்லாவே இருக்குங்கிறாங்க.

அப்போ ஓனரா இருந்த ஸ்மித் அண்ட் வெசன் 2021ல தாம்சன்/சென்டர விக்கப்போறோம்னு அறிவிச்சாங்க, 2024ல அதோட பழைய தலைவர் கிரெக் ரிட்ஸே திரும்ப வாங்கினாரு. நடுவுல கம்பெனி மூடிக் கெடந்த அந்த மூணு வருஷம் கன்டெண்டர் வச்சிருந்தவங்க தவிச்சுப் போகல, வெளிப் பட்டறைங்க பேரல் போட்டுக்கிட்டேதான் இருந்தாங்க. ஹாரிங்டன் பேரும் வேற கை மாறி திரும்ப வந்துச்சு, ஆனா ஏஆர்ங்கிற ராணுவச் சாயல் துப்பாக்கி மாதிரி ஆனதுங்க மேல. அப்போ ஹாண்டி வரல. தயாரிப்ப நிறுத்துற கம்பெனி அந்த லக்கோட டிராயிங்கையும் அளவையும் கன்ஸ்மித்துங்களுக்கு குடுத்துட்டுப் போகணும்னு நான் உறுதியா நெனைக்கிறேன், வித்த பொருள் இன்னும் எத்தனையோ வீட்ல இருக்கு, அதுல அடுத்து ஒரு ஸ்பிரிங் உடைஞ்சா வச்சிருக்குறவன் யார்கிட்ட போவான்?