எந்த நிறப் பொட்டலம் கொடுத்தார்கள்? பழைய பால்வினைத் தொற்றும் குழந்தைப்பேறும்

"எப்பவோ ஒரு தடவை வந்துச்சு, மருந்து சாப்பிட்டுச் சரியாயிடுச்சு. இப்ப குழந்தை நிக்காததுக்கு அதுதான் காரணமா?" தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் தம்பதிகளோடு உட்கார்ந்து பேசும் எங்களைப் போன்ற ஆலோசகர்களிடம் இந்தக் கேள்வி, கூட வந்தவர் வெளியே போன பிறகுதான் வரும். பதில் சுருக்கமானது. கிருமி கருப்பை வாயைத் தாண்டும் முன்பே மருந்து முடிந்திருந்தால் பெரும்பாலும் பாதிப்பு இருக்காது. தாண்டிக் கருக்குழாய்க்கு ஏறியிருந்தால், மருந்து கிருமியைக் கொன்றிருக்கும்; தழும்பை ஒன்றும் செய்திருக்காது. அந்தத் தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் மீதி வேலை.

பழைய சீட்டிலிருந்து தொடங்க வேண்டும். அது அநேகமாகக் கிடைக்காது. ஆனால் அரசு மருத்துவமனையில் மருந்து வாங்கியவர்களுக்குப் பொட்டலத்தின் நிறம் மறப்பதில்லை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் அறிகுறியை வைத்தே மருந்து கொடுப்பதற்காக ஏழு நிற கிட் வைத்திருந்தார்கள். சாம்பல் என்றால் சிறுநீர்த் துவாரத்திலோ கருப்பை வாயிலோ சீழ்: அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மி.கி., ஒரே வேளை. பச்சை என்றால் வெள்ளைப்படுதல். அதை வாங்கிய பலருக்கு இருந்தது பால்வினை நோயே அல்லாத பூஞ்சைத் தொற்று. மஞ்சள் என்றால் அடிவயிற்று வலி: செஃபிக்சிம் ஒரு வேளை, டாக்சிசைக்ளினும் மெட்ரோனிடசோலும் தினம் இரு வேளை 14 நாள். நாங்கள் கவலையோடு காதுகொடுப்பது இந்த மஞ்சளுக்குத்தான். கிருமி மேலே ஏறியிருக்கலாம் என்று அன்றைக்கே மருத்துவர் நினைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

அடுத்த கேள்விகள்: வலி தொடங்கி எத்தனை நாள் கழித்து மாத்திரை? காய்ச்சல் இருந்ததா? 14 நாளும் சாப்பிட்டீர்களா? மெட்ரோனிடசோல் வாயெல்லாம் தகர ருசியாக்கி, குமட்ட வைக்கும். வலி குறைந்த ஐந்தாம் நாளே நிறுத்தியவர்கள் நிறையப் பேர். கணவருக்கும் மருந்து கொடுத்தார்களா என்பது அதைவிட முக்கியம். அவர் சாப்பிடாமல் இருந்தால் மனைவி குணமானதும் திரும்பவும் தொற்றும். திரும்பத் திரும்ப வருவதுதான் குழாயைக் கெடுக்கிறது. ஸ்வீடனில் லார்ஸ் வெஸ்ட்ரம் குழுவினர் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், கருக்குழாய் அழற்சி ஒருமுறை வந்தவர்களில் 8 சதவீதம், இருமுறை வந்தவர்களில் சுமார் 20, மூன்றோ அதற்கு மேலோ வந்தவர்களில் 40 சதவீதம் பேருக்குக் குழாய் பாதிப்பால் குழந்தை நிற்கவில்லை. திருப்பிப் பார்த்தால், ஒருமுறை வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேருக்கு அந்தப் பாதிப்பு வரவில்லை.

இன்னொரு சிக்கல், கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று பெரும்பாலான பெண்களுக்கு எந்த அறிகுறியும் காட்டாது. "எனக்கு ஒண்ணுமே வந்ததில்லை" என்பவருக்கும் குழாய் அடைத்திருக்கலாம்.

எல்லாப் பால்வினை நோயும் குழாயை அடைப்பதில்லை. அந்த வேலையைச் செய்பவை முக்கியமாகக் கிளமிடியாவும் வெட்டை நோயும் (கொனோரியா). ஹெர்ப்பிஸும் மருவும் அடைப்பதில்லை. சிஃபிலிஸும் அப்படித்தான், ஆனால் கருவிலிருக்கும் குழந்தையைத் தாக்கும். அதனால் கருத்தரிக்கும் முன் வி.டி.ஆர்.எல். என்ற ரத்தப் பரிசோதனையின் அளவு நான்கில் ஒரு பங்காகவாவது, 1:16 இருந்தது 1:4 என்பது போல, இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். டி.பி.எச்.ஏ. என்ற இன்னொரு சிஃபிலிஸ் ரத்தப் பரிசோதனை, குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க பாசிட்டிவாகவே இருக்கும். இது தெரியாமல் அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு வீட்டில் நடக்கும் சண்டை சாதாரணமானதல்ல.

பரிசோதனையை ஆணிடமிருந்து தொடங்குங்கள்; செலவும் குறைவு, வலியும் இல்லை. வெட்டை வந்து விதைப்பை வீங்கியிருந்தால் விந்து வரும் பாதை அடைத்திருக்கலாம். விந்துப் பரிசோதனைக்கு, விந்து வெளியேறாமல் 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு, ஆய்வகம் தரும் டப்பாவில் முழுவதையும் பிடிக்க வேண்டும். ஆணுறையிலோ சோப்புக் கையோடோ எடுத்தால் முடிவு தப்பாகும். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள், உடல் சூட்டோடு கொண்டு சேர்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கணக்குப்படி கீழ் வரம்பு: விந்தின் அளவு 1.4 மி.லி., மி.லி.க்கு 1.6 கோடி அணுக்கள், அசைவு 42 சதவீதம். குறைந்தால் உடனே பதற வேண்டாம். விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகிறது. நடுவில் வந்த காய்ச்சல்கூட எண்ணிக்கையைக் குறைத்திருக்கும். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள்.

டெல்டாக்காரர்களுக்கு இடிக்கும் இடம் இதுதான். மன்னார்குடிப் பக்கமும் முத்துப்பேட்டைப் பக்கமும் கணவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். லீவு இரண்டே மாதம். "கல்யாணமாகி மூணு வருஷம்" என்பார்கள், சேர்ந்திருந்ததைக் கூட்டினால் ஐந்து மாதம்கூடத் தேறாது. அந்த ஐந்து மாதம்தான் கணக்கு. 35 வயதுக்குக் கீழே ஒரு வருடம், மேலே ஆறு மாதம் முயன்ற பிறகு பரிசோதனை என்பது பொதுவிதி. மஞ்சள் பொட்டலக்காரர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. லீவில் வந்த முதல் வாரத்திலேயே கணவருக்கு விந்துப் பரிசோதனை, இருவருக்கும் கிளமிடியா, வெட்டைக்கான பரிசோதனை. மருந்து சாப்பிட்ட மூன்று, நான்கு வாரத்துக்குள் கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை செய்தால் செத்த கிருமியும் பாசிட்டிவ் காட்டும் என்பதை மனதில் வையுங்கள். எச்.ஐ.வி.க்கு அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் கட்டணமில்லை. குழாய்ப் பரிசோதனைக்குக் கணவர் ஊரில் இருக்க வேண்டியதே இல்லை. லீவுக்கு முந்தைய மாதமே முடித்துவிடுங்கள்.

அந்தக் குழாய்ப் பரிசோதனைதான் எச்.எஸ்.ஜி.; கருப்பைக்குள் சாயமருந்து செலுத்தி எக்ஸ்ரேயில் பார்ப்பது. மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து எண்ணி 7 முதல் 10-ஆம் நாளுக்குள். அதுவரை உறவு கூடாது. ஒரு மணி நேரம் முன்பு வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாம். பழைய தொற்றைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். டாக்சிசைக்ளின் கொடுத்துத்தான் செய்வார்கள். மறைத்தால், அடங்கிக் கிடந்த தொற்றை இந்தப் பரிசோதனையே கிளப்பிவிடலாம். மாமியார் அறையில் இருந்தால், "டாக்டர்கிட்ட தனியா பேசணும்" என்று நர்ஸிடம் சொன்னால் போதும். அயோடின் ஒவ்வாமையையும் சொல்லுங்கள். சாயமருந்து இரு பக்கமும் வயிற்றுக்குள் சிந்தினால் வழி திறந்திருக்கிறது. கருப்பைக்கு ஒட்டிய முனையில் நின்றால் வலியால் குழாய் சுருங்கியதாகவும் இருக்கலாம். லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்ப்பது) நீலச் சாயம் விட்டுப் பார்க்காமல் அதை அடைப்பு என்று முடிவுகட்டக் கூடாது. குழாய் நீர்கோத்துப் பருத்திருந்தால், ஐ.வி.எஃப். என்ற சோதனைக்குழாய்க் கருத்தரிப்புக்கு முன் அதை எடுத்துவிடவோ கிளிப் போடவோ சொல்வார்கள். அந்த நீர் கருவைத் தங்கவிடாது.

அடைப்பு இருப்பதாலேயே பால்வினை நோய் வந்திருந்தது என்று ஆகிவிடாது. நம் நாட்டில் கருப்பைக் காசநோய் ஒரு பெரிய காரணம். வெடித்த குடல்வால், கருக்கலைப்புக்குப் பின் வந்த தொற்று, இவையும் அடைக்கும். யார் கொண்டுவந்தது என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

குழந்தை வேண்டித் திருக்கருகாவூர் கோயில் நெய்யைச் சாப்பிடுகிறவர்கள் சாப்பிடட்டும். எக்ஸ்ரேவுக்கும் அதற்கும் பகையில்லை.

நாள் தள்ளிப்போய்க் கார்டில் இரண்டு கோடு வந்தால், பழைய தொற்று உள்ளவர்கள் மூன்றாம் மாத ஸ்கேனுக்குக் காத்திருக்கக் கூடாது. தழும்பேறிய குழாயிலேயே கரு தங்கிவிடும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கடைசி மாதவிலக்கிலிருந்து ஆறாம் வாரத்தில் உள்வழி ஸ்கேன் எடுத்து, கரு கருப்பைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குள் ஒரு பக்க அடிவயிற்று வலி, லேசான ரத்தக்கசிவு, தோள்பட்டை வலி, தலைசுற்றல் எது வந்தாலும் ஸ்கேன் தேதியைப் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.